பட்டியலில் விடுபட்ட எண்: 293318625600

இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு. எண்ணாக எழுதினால் 293318625600. பன்னிரண்டு இலக்கம். கணித மேதை ராமானுஜன் கையால் போட்ட ஒரு பட்டியலில் விடுபட்டுப்போன எண் இது. இந்தப் பதிவு முழுக்க இந்த ஒரே எண்ணைப் பற்றியதுதான். கணக்கு என்றதும் பக்கத்தை மூடிவிட நினைப்பவர்கள் கொஞ்சம் இருங்கள். எட்டாம் வகுப்பில் படித்த பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் முக்கால்வாசி தூரம் வந்துவிடலாம்.

முதலில் எண்ணை மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து எழுதுங்கள்: 293, 318, 625, 600. முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் 918. இரண்டாவதையும் நான்காவதையும் கூட்டினாலும் 918. இப்படி இரண்டு கூட்டலும் சமமாக வந்தால் அந்த எண் 1001-ஆல் மீதியில்லாமல் போகும். காரணம் எளிது. 1000 என்பது 1001-க்கு ஒன்று குறைவு. அதனால் ஒவ்வொரு மூன்று இலக்கக் கட்டும் 1001-இன் கண்ணுக்கு மாறி மாறிக் கூட்டலாகவும் கழித்தலாகவும் தெரியும். எல்லாம் கழிந்து பூஜ்யம் வந்தால் மீதி இல்லை. 1001 என்பது 7 × 11 × 13. ஆக, பேனாவை எடுத்த அரை நிமிடத்தில் 7, 11, 13 மூன்றுமே இந்த எண்ணுக்குள் இருப்பது தெரிந்துவிடுகிறது.

இலக்கங்களைக் கூட்டினால் 45. அதனால் 9-ஆல் போகும். கடைசியில் இரண்டு பூஜ்யம், அதனால் 100-ஆல் போகும். இப்படியே ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு போனால் கடைசியில் கிடைப்பது இது:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

இதைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பன்னிரண்டு இலக்கங்கள் தேவையே இல்லை. எண்ணின் உண்மையான முகம் இதுதான் என்று நினைக்கிறேன். 19 வரையுள்ள எல்லாப் பகா எண்களும் இருக்கின்றன, ஒன்றும் விடுபடவில்லை. சின்ன பகா எண்கள் அதிகத் தடவை, பெரியவை ஒரே ஒரு தடவை. 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று அடுக்குகள் படிப்படியாக இறங்குகின்றன.

இதன் காரணிகள் எத்தனை? ஒரு காரணியை உருவாக்க 2-ஐ எத்தனை தடவை எடுக்கலாம்? ஒன்றுகூட எடுக்காமல் விடலாம், ஆறு வரை எடுக்கலாம். ஏழு வழி. 3-க்கு ஐந்து வழி, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு. 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. ஐயாயிரத்து நாற்பது எண்கள் இதை மீதியில்லாமல் வகுக்கும்.

1 முதல் 22 வரை எல்லாமே போகும். 1 முதல் 100 வரை எடுத்துக்கொண்டால் 72 எண்கள் போகும், 28 மட்டுமே போகாது. போகாத அந்த 28-ஐயும் பாருங்கள். 23, 29, 31 என்று 97 வரையுள்ள 17 பகா எண்கள், அப்புறம் 46, 58, 62 மாதிரி அவற்றின் மடங்குகள் 11. வேறு ஒன்றுமில்லை. ராமானுஜன் பெயரைச் சொன்னால் எல்லோரும் 1729 என்கிறார்கள் இல்லையா, அதுவும் இந்த எண்ணின் ஒரு காரணிதான். 1729 என்பது 7 × 13 × 19. வகுத்துப் பாருங்கள், 169646400 வரும், மீதி இராது.

காரணிகள் அதிகம் இருப்பதில் என்ன பெருமை என்று கேட்பவர்களுக்கு என் பிழைப்பிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவில் ஒரு காகிதக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இன்று ஒரு ரீம் என்றால் 500 தாள். பழைய காலத்து எழுதுதாள் ரீம் 480. குயருக்கு 24 தாள், ரீமுக்கு 20 குயர். 480-க்குக் காரணிகள் 24. 500-க்கு வெறும் 12. ஒரு ரீமை மூன்று பேருக்கோ ஆறு பேருக்கோ எட்டு பேருக்கோ சமமாகப் பிரிக்க வேண்டுமென்றால் 480-இல் தாள் மிஞ்சாது. 500-இல் மிஞ்சும். 20 தாள் கூடுதலாகக் கிடைத்தது, பிரிக்கும் வழிகளில் பாதி போய்விட்டது. எண் பெரிதாவதும், அது பிரிந்து கொடுப்பதும் இரண்டு வேறு விஷயங்கள்.

இங்கேதான் ராமானுஜன் வருகிறார். தன்னைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்களை அவர் தனியாகப் பிரித்து ஆராய்ந்தார். தமிழில் இவற்றை உயர் பகு எண்கள் என்கிறார்கள். 12-க்கு ஆறு காரணிகள். 12-க்குக் கீழே எதற்கும் ஆறு கிடையாது. அதனால் 12 ஓர் உயர் பகு எண். 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று வரிசை போகும். மேலே சொன்ன 480 இதில் சேராது. அதே 24 காரணிகளை 360 முன்பே அடைந்துவிட்டது. சாதனையை முதலில் செய்தவருக்குத்தான் இடம்.

ராமானுஜனை நாங்கள் வடசென்னைக்காரர்கள் கொஞ்சம் உரிமையோடுதான் பேசுவோம். பிறந்தது ஈரோடு, வளர்ந்தது கும்பகோணம், சரி. ஆனால் 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் அவர் குமாஸ்தாவாகச் சேர்ந்தது இங்கே. ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தது இங்கே. அந்தத் தெருவிலிருந்து துறைமுகம் நடக்கிற தூரம்தான். 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம், ‘சென்னைத் துறைமுக அலுவலகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தா’ என்ற அறிமுகத்தோடுதான் தொடங்குகிறது. அதே அலுவலகத்தில் தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆதரவாக இருந்தார். 1914 மார்ச் 17-ஆம் தேதி நெவாசா என்ற கப்பலில் ராமானுஜன் புறப்பட்டதும் இதே துறைமுகத்திலிருந்துதான்.

காகிதக் கடையில் இருப்பதால் எனக்கு மறக்காத ஒரு செய்தி உண்டு. கணக்குகளை அவர் பலகையில் போட்டு முழங்கையாலேயே அழிப்பாராம். ஏன் காகிதத்தில் எழுதவில்லை என்று கேட்ட நண்பரிடம், மாதம் நான்கு ரீம் காகிதம் தேவைப்படும், சாப்பாட்டுக்கே வழியில்லாதபோது அதற்கு எங்கே போவது என்றாராம். நண்பர்களின் நினைவுக் குறிப்புகளில் வரும் செய்தி இது. நான்கு ரீம் என்பது எங்கள் கடையில் ஒரு சின்ன அலமாரித் தட்டு. அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

இங்கிலாந்து போன அடுத்த ஆண்டு, 1915-இல், லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் உயர் பகு எண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை வெளிவந்தது. அதில் அவர் நிறுவும் முதல் விஷயங்களை யாரும் புரிந்துகொள்ளலாம். அடுக்குகள் ஏறவே கூடாது என்பது ஒன்று. நம் எண்ணில் 2⁶ × 3⁴ இருக்கிறது, மதிப்பு 5184. அடுக்குகளை மாற்றி 2⁴ × 3⁶ என்று வைத்தால் காரணிகளின் எண்ணிக்கை மாறாது, ஆனால் மதிப்பு 11664 ஆகிவிடும். அதே எண்ணிக்கையை இரண்டு மடங்குக்கு மேல் விலை கொடுத்து வாங்கிய கதை. அதனால் சின்ன பகா எண்ணுக்குத்தான் பெரிய அடுக்கு. இடையில் ஒரு பகா எண்ணை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாண்டவும் முடியாது, அதே காரணம்தான். கடைசிப் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும்; 4, 36 என்ற இரண்டு எண்கள் மட்டுமே விதிவிலக்கு. இவ்வளவும் வாசல்தான். உள்ளே போகப் போக, ஒவ்வொரு அடுக்கும் எந்த இரண்டு எல்லைகளுக்குள் இருக்க வேண்டும் என்று சமனின்மைகளால் நெருக்கிக்கொண்டே போகிறார். சமனின்மைகளைக் கையாள்வதில் ராமானுஜனுக்கு இருந்த அசாதாரணமான தேர்ச்சிக்கு ஹார்டி இந்தக் கட்டுரையைத்தான் சுட்டிக்காட்டினார். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தபோதும் இந்த ஆராய்ச்சிதான் கணக்கில் எடுக்கப்பட்டது.

அந்தக் கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கிறது. 2-இலிருந்து தொடங்கி நூறுக்கும் மேற்பட்ட உயர் பகு எண்கள், ஒவ்வொன்றின் காரணி எண்ணிக்கை, பகாக் காரணிகள். கடைசி எண் 6746328388800, காரணிகள் 10080. கணினி கிடையாது, கால்குலேட்டர் கிடையாது. கையால் போட்ட பட்டியல். அதில் ஒரே ஓர் எண் விடுபட்டிருக்கிறது. அதுதான் 293318625600.

பட்டியலில் இருக்க வேண்டிய எண்தானா இது? அதைப் பார்க்க அதன் அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வரிசையில் அதற்கு முந்தையது 240940299600, காரணிகள் 4800. அடுத்தது 321253732800, காரணிகள் 5376. இரண்டையும் பிரித்தால்:

240940299600 = 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23

321253732800 = 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23

இரண்டிலும் 23 இருக்கிறது. இரண்டிலும் 7 ஒரு தடவைதான். நடுவில் உட்கார்ந்திருக்கும் நம் எண்ணில் 23 இல்லை. ஆனால் 7 இரண்டு தடவை. இந்த ஒரு வித்தியாசத்துக்குள்தான் கதை முழுக்க இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து இந்த எண்ணை 2, 3, 4 என்று வகுத்துக்கொண்டே வந்தாள்.

“ஆன்ட்டி, 22 வரைக்கும் எல்லாம் போகுது. 23 மட்டும் போகமாட்டேங்குது.”

“மீதி என்ன வருது?”

“17. அப்போ 23-ஐயும் சேர்த்துப் பெருக்கிட்டா?”

நான் எதிர்பார்க்காத கேள்வி. “பெருக்கிப் பாரேன்” என்றேன். பெருக்கினாள். 6746328388800 வந்தது. ராமானுஜன் அட்டவணையின் கடைசி எண். விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் பட்டியல் முடியும் இடத்தில் போய் நிற்கிறோம். எனக்கும் அந்தத் தொடர்பு அதுவரை தெரியாது. அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியவில்லை, தலையாட்டிவிட்டு ஆங்கிலப் பாடத்தை எடுத்தாள். நான்தான் ராத்திரி வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, 23-ஐச் சேர்ப்பதும் விடுவதும் என்ன வியாபாரம்? சேர்த்தால் காரணிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும். ஆனால் எண் 23 மடங்கு பெரிதாகிவிடும். அளவைக் கட்டுக்குள் வைக்க வேண்டுமானால் வேறு எதையாவது வெளியே எடுக்க வேண்டும். ஒரு 7-ஐயும் இரண்டு 2-களையும் எடுத்தால் 28 குறையும். 7 இரண்டிலிருந்து ஒன்றாகும்போது மூன்றில் ஒரு பங்கு காரணிகள் போகும். 2 ஆறிலிருந்து நான்காகும்போது ஏழில் இரண்டு பங்கு போகும். 5040-ஐ இரட்டித்து, இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழித்தால் 4800. எண்ணும் கொஞ்சம் சின்னதாகிவிட்டது, 28-இல் 23 பங்கு. அதுதான் முந்தைய எண்.

இரண்டு 2-களுக்குப் பதிலாக ஒரு 3-ஐ எடுத்தால்? 7-உம் 3-உம் சேர்ந்து 21. இப்போது எண் கொஞ்சம் பெரிதாகும், 21-க்கு 23 என்ற விகிதத்தில். காரணிகள் 5376. அதுதான் அடுத்த எண். நடுவில் 23-ஐ வாங்காமல் இரண்டாவது 7-ஐ விட்டுக்கொடுக்காமல் நிற்கும் ஒரே எண் நம்முடையது. எண் அதைவிடச் சின்னதாகும்படி வேறு எந்தப் பேரம் செய்தாலும் 5040-ஐ எட்ட முடியாது. 35-ஐக் கொடுத்து 23-ஐ வாங்கினால் 4480. ஒரு 3-ஐக் கொடுத்து ஒரு 2-ஐ வாங்கினால் 4608. அடுக்குகள் ஏறக்கூடாது என்ற விதி சாத்தியங்களை அவ்வளவு சுருக்கிவிடுவதால், பொறுமை இருந்தால் மிச்சத்தையும் கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம். எல்லாம் 5040-க்குக் கீழேதான் நிற்கும்.

இதற்குப் பிறகு ராமானுஜனின் அட்டவணை முடியும் வரை எல்லா எண்களிலும் 23 உண்டு. 23 இல்லாத கடைசி உயர் பகு எண் இதுதான். முன்னும் பின்னும் 23 உள்ள எண்களுக்கு இடையில் தனியாக அகப்பட்டுக்கொண்ட எண். 23-ஐ வைத்துக்கொண்டு அடுக்குகளை மாற்றி மாற்றித் தேடிக்கொண்டு போகிறவரின் கண்ணில் படாமல் போக இதைவிடப் பொருத்தமான இடம் அந்தப் பட்டியலில் இல்லை என்பது என் எண்ணம். இதை வைத்து அவரைக் குறை சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. நூறுக்கு மேற்பட்ட எண்களைக் கையால் தேடிப் பிடித்து, ஒன்றை மட்டும் விட்டவர் அவர். அந்த ஒன்றின் வழியாகத்தான் மற்ற நூறையும் அவர் எப்படித் தேடியிருப்பார் என்று என்னால் யோசிக்க முடிந்தது. முழுமையான பட்டியலாக இருந்திருந்தால் பார்த்து வியந்துவிட்டுப் போயிருப்பேன்.

இன்னொரு பண்பு, இதை நான் மிகவும் விரும்புகிறேன். 5040 காரணிகளும் ஜோடி ஜோடியாக வரும். 1-உம் முழு எண்ணும் ஒரு ஜோடி, 2-உம் பாதியும் ஒரு ஜோடி. மொத்தம் 2520 ஜோடிகள். இவற்றில் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான ஜோடி எது? அதாவது இந்தப் பரப்பளவில், பக்கங்கள் முழு எண்களாக இருக்கும் செவ்வகங்களில் சதுரத்துக்கு மிக அருகில் இருப்பது எது?

பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் காட்டிய வழி ஒன்று இருக்கிறது. எண்ணைவிடச் சற்றே பெரிய வர்க்கத்தைக் கண்டுபிடி. அந்த வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழி. மிச்சமும் ஒரு வர்க்கமாக இருந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் அடுத்த வர்க்கத்துக்குப் போ. பெரும்பாலும் வெகுதூரம் போக வேண்டியிருக்கும். நம் எண்ணின் வர்க்கமூலம் 541589-க்கு மயிரிழை குறைவு. 541589-இன் வர்க்கம் 293318644921. கழித்தால் 19321. அது 139-இன் வர்க்கம்! முதல் அடியிலேயே விழுந்துவிட்டது. ஆக இரண்டு காரணிகள் 541589-இலிருந்து 139 குறைவாகவும் 139 கூடுதலாகவும் இருக்கின்றன: 541450, 541728. ஐந்தரை லட்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எண்களுக்கு இடையே வெறும் 278 வித்தியாசம். முதல் வர்க்கத்திலேயே கிடைத்துவிட்டதால் இதைவிட நெருக்கமான ஜோடி இருக்கவே முடியாது.

அந்த இரண்டையும் பிரித்துப் பாருங்கள். 541450 என்பது 2 × 5² × 7² × 13 × 17. 541728 என்பது 2⁵ × 3⁴ × 11 × 19. மூன்றுகள் முழுக்க ஒரு பக்கம், ஐந்துகளும் ஏழுகளும் முழுக்க மறுபக்கம். 2-ஐத் தவிர வேறு எந்தப் பகா எண்ணும் இரண்டு பக்கமும் இல்லை. அப்படியிருந்தும் இரண்டும் கிட்டத்தட்டச் சமம்.

5040 என்ற எண்ணுக்கும் வருவோம். அதுவும் ஓர் உயர் பகு எண்தான், காரணிகள் 60. 60-க்கு 12. 12-க்கு 6. 6-க்கு 4. எல்லாமே அதே பட்டியலில் உள்ளவை. ஓர் இலட்சிய நகரத்தில் நிலத்தை எத்தனை பங்காகப் பிரிக்கலாம் என்று யோசித்த பிளேட்டோ தேர்ந்தெடுத்தது 5040. காரணம், அது அத்தனை விதமாகப் பிரிந்து கொடுக்கும்.

1915-இல் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. லண்டன் கணிதக் கழகத்துக்குப் பண நெருக்கடி. அச்சுச் செலவை மிச்சப்படுத்த ராமானுஜன் தன் கட்டுரையின் ஒரு பகுதியை வெளியிடாமல் நிறுத்திக்கொண்டார். இங்கே பலகையில் எழுதி அழித்தவருக்கு அங்கேயும் காகிதம் குறுக்கே வந்தது. அந்தப் பகுதி 1997-இல்தான் நிக்கோலா, ரோபின் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர்களின் குறிப்புகளோடு அச்சில் வந்தது. அதில் காரணிகளின் எண்ணிக்கையைத் தாண்டி, காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்ற கேள்விக்கும் போயிருக்கிறார். பகா எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதோடு தொடர்புள்ள, இன்னும் நிரூபிக்கப்படாத ரீமான் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், போதுமான அளவு பெரிய எண்களில் அந்தக் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாது என்று காட்டியிருக்கிறார்.

அந்தப் பகுதி அச்சில் வருவதற்கு முன்பே, 1984-இல், ரோபின் இதே கேள்விக்கு இன்னும் கூர்மையான விடை கண்டிருந்தார். எண்ணின் இயல் மடக்கைக்கு (natural logarithm) மீண்டும் மடக்கை எடுத்து, அதை 1.781 என்று தொடங்கும் ஒரு மாறிலியால் பெருக்கினால் ஒரு வரம்பு வரும். எண்ணின் காரணிகளின் கூட்டுத்தொகை, எண்ணைப் போல எத்தனை மடங்கு என்று பார்த்தால், அது அந்த வரம்புக்குள் நிற்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு மேல் எல்லா எண்களும் அப்படி நின்றால் ரீமான் கருதுகோள் உண்மை. ஒன்று தாண்டினாலும் பொய். அந்தக் குறிப்பிட்ட எண் எது தெரியுமா? 5040. 5040-இன் காரணிகளைக் கூட்டினால் 19344, எண்ணைப் போல 3.838 மடங்கு. வரம்பு 3.817. மெல்லிய வித்தியாசத்தில் தாண்டிவிடுகிறது. அதற்கு மேல் தாண்டிய எண்ணை யாரும் கண்டதில்லை.

நம் எண்ணையும் போட்டுப் பார்த்தேன். அதன் காரணிகளின் கூட்டுத்தொகை 1642243014720. எண்ணைப் போல 5.599 மடங்கு. வரம்பு 5.830. உள்ளேதான் நிற்கிறது. நம் எண்ணின் காரணி எண்ணிக்கையும் ரோபினின் எண்ணும் 5040 ஆக அமைந்தது தற்செயல் என்று தெரியும். ஆனாலும் இரண்டு கேள்விகளையும் ராமானுஜன் அதே ஒரு கட்டுரையில் தொட்டிருப்பது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ராயபுரத்தில் 1993-இல் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பி.கே. சீனிவாசன் என்ற கணித ஆசிரியரின் உழைப்பு அதன் பின்னால் உண்டு. ராமானுஜனை அறிந்தவர்களைத் தேடிப் போய்க் கடிதங்களையும் நினைவுகளையும் சேகரித்தவர் அவர். பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகிறவர்கள் படங்களையும் கடிதங்களையும் காட்டியதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒரு தாளும் பேனாவும் கொடுத்து இந்தப் பட்டியலில் ஒரு துண்டைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.

எந்தத் துண்டு என்றால், நான் கடைசி எண்ணிலிருந்து தொடங்கச் சொல்வேன். 6746328388800-ஐ 2-ஆல் வகுத்தால் 3373164194400, பட்டியலில் இருக்கிறது. 3-ஆல் வகுத்தால் 2248776129600, அதுவும் இருக்கிறது. 4-ஆல் வகுத்தால் 1686582097200, 6-ஆல் 1124388064800, 7-ஆல் 963761198400, 14-ஆல் 481880599200. எல்லாம் இருக்கின்றன. 21-ஆல் வகுத்தால் நம் எண்ணுக்கு அடுத்தவர் வருகிறார், 28-ஆல் வகுத்தால் முந்தையவர். இரண்டுக்கும் நடுவில், 23-ஆல் வகுத்தால் 293318625600.